மாநிறத்துக்குச் சாம்பல் சாயல் எடுக்குமா? சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குளிர்காலத்தில் நானும் தங்கையும் முடிக்கு நிறம் போடலாம் என்று இருக்கிறோம். செம்பு, தேன் நிறமெல்லாம் வேண்டாம். சாம்பல் பழுப்பு, நீலம் ஓடும் கறுப்பு, பர்கண்டி (ஒயின் போன்ற கருஞ்சிவப்பு) மாதிரி குளிர்ச்சியான சாயல்தான் வேண்டும்.

தங்கை நல்ல சிவப்பு, கன்னத்தில் ரோஜா சாயல், மணிக்கட்டு நரம்பு நீலமாகத் தெரியும், அதாவது குளிர்ச்சியான சருமச் சாயல். அவளுக்குச் சாம்பல் பழுப்பு கட்டாயம் எடுப்பாக இருக்கும். நான் மாநிறம், அடியில் மஞ்சள் ஓடும், நரம்பும் பச்சைதான், அதாவது வெதுவெதுப்பான சாயல். சாம்பல் நிற மாதிரிக் கற்றையை ஜன்னல் வெளிச்சத்தில் கன்னத்தருகே வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருமை கூடி, முகமே களையிழந்து போனது. பர்கண்டியை வைத்ததும் பளிச்சென்று ஆனது. ஆனாலும் சாம்பல் மேல் ஆசை விடவில்லை.

என் நிறத்தில் இருப்பவர்கள் யாராவது போட்டிருக்கிறீர்களா? முகத்தை ஒட்டி வராமல் நுனியில் மட்டும் போட்டால் சரியாக வருமா? அப்புறம், கறுப்பு முடியில் ப்ளீச் செய்யாமல் சாம்பல் தெரியாது. செய்தால் அடியிலிருக்கும் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். அதை அடக்க நீல ஷாம்பு வாரத்துக்கு எத்தனை முறை போடுகிறீர்கள்? குளிரில் முடி ஏற்கெனவே வறண்டு கிடக்கிறது, அதுதான் பயம். ஒவ்வாமைக்கு 48 மணி நேரம் முன்பே சோதித்துவிடுவோம்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.