காட் ஹேண்ட் கண்ட்ரோலுக்கு 3 மார்க்கா? நான் ஒத்துக்க மாட்டேன்

மெமரிகார்டு:
2006ல பிஎஸ்2வுக்கு (பிளேஸ்டேஷன் 2) வந்த காட் ஹேண்ட்ங்கற அடிதடி கேமுக்கு ஐஜிஎன்ங்கற கேம் வெப்சைட் 10க்கு 3 போட்ட ரிவியூவ இன்னும் யாராவது எடுத்துட்டு வந்து பேசிட்டேதான் இருக்காங்க. கேமரா சரியில்ல, கண்ட்ரோல் கைக்கு வரல, அதனால சண்டையும் மோசம்ங்கறதுதான் அதை வச்சு பேசறவங்க எல்லாரும் சொல்றது. எனக்கு மனசு கேக்கல, எழுதிடறேன். ஷின்ஜி மிகாமி ரெசிடென்ட் ஈவில் 4 முடிச்ச அடுத்த வருஷமே க்ளோவர் ஸ்டுடியோல டைரக்ட் பண்ண கேம் இது, அதே மாதிரி கேமரா ஹீரோ முதுகுக்குப் பின்னாடியே ஒட்டிட்டு வரும், லெஃப்ட் ஸ்டிக்க சைடுல தள்ளினா ஹீரோ ஜீன் அந்தப் பக்கம் ஓட மாட்டான், நின்ன இடத்துலயே திரும்புவான். ரைட் ஸ்டிக் கேமராவுக்கு கிடையாது, முழுக்க டாட்ஜுக்கு, அதாவது அடில இருந்து தப்பிக்கறதுக்கு. மேல தள்ளினா உடம்ப மட்டும் வளைச்சு குத்துல இருந்து தப்பிப்பான், கால் நகராது. பக்கத்துல தள்ளினா விலகுவான், கீழ இழுத்தா பின்னாடி பல்டி. பிளாக் பண்றதுக்கு பட்டனே இல்ல. அதாவது டிஃபென்ஸ் மொத்தமும் அந்த ஒரு ஸ்டிக்லதான் இருக்கு, அதைப் புடுங்கி கேமராவுக்குக் குடுத்துட்டா அப்புறம் இந்த கேம்ல என்ன மிச்சம் இருக்கும்?

ஸ்டார்ட்பட்டன்:
ப்ரோ, எதிர்ல ஒரே ஒருத்தன் நிக்கற வரைக்கும் நீங்க சொல்றது கரெக்ட். நாலு பேர் சுத்தி நிக்கும்போது பின்னாடி இருக்கறவன் ஸ்க்ரீன்லயே இல்ல, அடி விழுந்த பிறகுதான் அங்க ஒருத்தன் இருந்தானேன்னு தெரியுது. கண்ணுக்கே தெரியாத அடிய கஷ்டம்னு எப்படி சொல்றது? 2006ல காசு குடுத்து வாங்கப் போறவனுக்கு இதை எச்சரிக்கறதுதான் ரிவியூ எழுதறவரோட வேலை, அதை அவர் செஞ்சிருக்கார்.

மெமரிகார்டு:
கீழ ரேடார் இருக்கே ப்ரோ, யார் எந்தப் பக்கம் இருக்கான்னு காட்டிட்டே இருக்கும், சட்டுனு பின்னாடி திரும்ப தனி பட்டனும் இருக்கு. கபடில ரைடு போறவன் யாரையும் முதுகுப் பக்கம் விட மாட்டான்ல, இங்கயும் அப்படித்தான், கும்பலுக்கு நடுவுல போய் நின்னுட்டு கேமராவ திட்டக் கூடாது. பின்வாங்கி பின்வாங்கி எல்லாரையும் முன்னாடி வர வச்சு ஒவ்வொருத்தனா பிரிச்சு அடிக்கணும், யாரை முதல்ல தனியா இழுக்கறதுன்னு யோசிக்கறதுலயே பாதி சண்டை போயிடும், அதுதான் இந்த கேமோட ருசியே.

நிலா_பிஎஸ்2:
இதுல ஒண்ணு யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. 2005ல வந்த காட் ஆஃப் வார்லயும் ரைட் ஸ்டிக்லதான் உருண்டு தப்பிக்கணும், அதுலயும் கேமரா நம்ம கையில இல்ல. அதுக்கு விழுந்து விழுந்து மார்க் போட்டாங்க. அப்போ ரைட் ஸ்டிக்ல கேமரா இல்லங்கறது ஒரு குறையே கிடையாது.

ஸ்டார்ட்பட்டன்:
நல்ல உதாரணம் நிலா, ஆனா அது என் பக்கம்தான் பேசுது. காட் ஆஃப் வார்ல கேமரா தூரத்துல நின்னு மொத்த இடத்தையும் காட்டும், அதோட ஹீரோ க்ராட்டோஸ் நீங்க தள்ளற திசையிலயே போவான், அதனால கேமரா நம்ம கையில இல்லாதது உறுத்தாது. இங்க கேமரா கழுத்துக்கிட்ட ஒட்டிட்டு இருக்கு, திரும்பறதும் டேங்க் மாதிரி. ரெசிடென்ட் ஈவில் 4ல இது செட் ஆச்சுன்னா கையில துப்பாக்கி இருக்கு, தூரத்துல வரும்போதே சுடலாம். கையால அடிக்கற கேமுக்கு அதே கேமராவ கொண்டு வந்து வச்சது தப்பு.

மெமரிகார்டு:
இங்கதான் நான் முழுசா மாறுபடறேன். கேமரா கிட்ட இருக்கறதாலதான் எதிரியோட தோள் எப்படி அசையுதுன்னு தெரியுது. கையத் தூக்கறானா, கால இழுக்கறானாங்கறத பாத்துத்தான் நம்ம டாட்ஜ் முடிவாகும். மேல் குத்துன்னா ஸ்டிக்க மேல தட்டி தலைய வளைச்சா போதும், இடம் மாறாம அப்படியே நிக்கறதால அவன் கை திரும்பறதுக்குள்ள நம்ம குத்து இறங்கிடும். கீழ கால வீசினா அதே டாட்ஜ் வேலைக்கு ஆகாது, விலகணும் இல்ல பின்னாடி போகணும், ஆனா பின்னாடி பல்டி அடிச்சா பத்திரம்தான், அடிக்கற தூரம் போயிடும். ஒவ்வொரு டாட்ஜுக்கும் ஒரு விலை இருக்கு பாருங்க. நம்ம குத்து பாதில இருக்கும்போதே ஸ்டிக்க தட்டி அதை வெட்டிட்டு தப்பிக்கவும் முடியும், அவ்ளோ சுறுசுறுப்பா இருக்கற ஒண்ண கைக்கு வரலன்னு எப்படி சொல்றது. கேமராவ தூரத்துல வச்சா இதுல ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் ஸ்கொயர் பட்டன அழுத்த அழுத்த எந்த அடிக்கு அப்புறம் எந்த அடி வரணும்னு வரிசைய நாமளே போட்டுக்கலாம். எதிரி பிளாக் பண்ணிட்டே இருக்கானா, வரிசைல கார்ட உடைக்கற அடி ஒண்ணு சேக்கணும். குடுத்த வரிசையோடயே கடைசி வரை அடிச்சுட்டு சண்டை சலிக்குதுன்னு எழுதினா அது நியாயமா?

நிலா_பிஎஸ்2:
லெவல் மீட்டரையும் சேத்துக்கோங்க. அடி வாங்காம அடிச்சுட்டே போனா 1, 2, 3, கடைசில 'டை' (சாவு)ன்னு ஏறும், எதிரிங்க மூர்க்கமாயிடுவாங்க, அடி வாங்கினா இறங்கிடும். நாம நல்லா ஆடறதாலதான் கேம் இறுகுதுன்னு புரியாதவங்களுக்கு திடீர்னு அநியாயமா அடிக்கற மாதிரி தெரியும். காட் ரீல்ல, அதாவது ஸ்பெஷல் மூவ் எடுக்கற சக்கரத்துல, மண்டி போட்டு கெஞ்சற மூவ் ஒண்ணு இருக்கே, லெவல கீழ இறக்க, அது சும்மா காமெடிக்கு வச்சதில்ல. ஸ்டேஜ் முடிஞ்சதும் எந்த லெவல்ல எத்தனை பேர வீழ்த்தினோம்னு பாத்துத்தான் போனஸ் காசு, அதனால மேல இருக்கணும்னு ஆசையும் வரும்.

ஸ்டார்ட்பட்டன்:
சிஸ்டம் நல்ல சிஸ்டம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா முதல் ஸ்டேஜ்லயே மொத்து வாங்க வச்சுட்டு இதெல்லாம் நீயே கண்டுபிடிச்சுக்கோன்னு விட்டா எத்தனை பேர் அந்த இடம் வரைக்கும் வருவாங்க? பல ரிவியூ மார்க்கையும் சேத்துக் காட்டற மெட்டாக்ரிட்டிக் சைட்ல சராசரி 100க்கு 73ன்னு நிக்குது, அதுவே ரசிச்சவங்களும் வெறுத்தவங்களும் கலந்து இருந்தாங்கன்னு காட்டுது. 3ங்கறது கம்மி, நான் 6 போடுவேன். ஆனா கேமரா மேல வச்ச குறை அப்படியே நிக்குது.

மெமரிகார்டு:
பழக நாள் ஆகும்னு எழுதியிருந்தா நான் இந்த த்ரெட்டே ஆரம்பிச்சிருக்க மாட்டேன் ப்ரோ. கை பழகாததுக்கும் கண்ட்ரோல் கெட்டுப்போனதுக்கும் வித்தியாசம் இருக்கு, மார்க் போடறவருக்கு அது தெரிஞ்சே ஆகணும். ஹார்ட் மோட்ல லெவல் டைலயே பூட்டி இருக்கும், இறங்கவே இறங்காது, அதையும் அடி வாங்காம முடிக்கற வீடியோ இருக்கு, போய் பாருங்க. அதுல ஆடறவர் கேமராவால ஒரு இடத்துல மாட்டினாருன்னா எந்த நிமிஷம்னு இங்க போடுங்க, அந்த இடத்த மட்டும் வச்சுப் பேசுவோம்.