பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிக்குப் போன வலைப்பதிவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. கடலூரிலிருந்து எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு நாவல்களைப் பற்றி வலைப்பூவில் எழுதி வருகிறேன். நெய்வேலி புத்தகக் கண்காட்சி எனக்குப் பழகிய இடம். கடை கடையாய்ப் புரட்டி, பை நிறைய வாங்கி வந்துவிடுவேன். இந்த முறை ஜனவரியில் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிக்குப் போக ஆசை.

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய இது வேறு மாதிரி. பதிப்பாளர்களும் முகவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து மொழிபெயர்ப்பு உரிமை பேசுகிற இடம். இப்படிப்பட்ட சந்தைகளில் சந்திப்பு நேரங்களை முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். நடுவில் போய் நின்று அவர்கள் பேச்சைக் கெடுக்க மனமில்லை. ஆனால் எந்தத் தமிழ் நாவல் மலையாளத்துக்கோ அரபிக்கோ போகிறது என்று வாசகர்களுக்குச் சொல்ல ரொம்ப ஆசை. செய்திகளில் பெரும்பாலும் ஒப்பந்த எண்ணிக்கைதான் கண்ணில் படுகிறது. எனக்கு வேண்டியது புத்தகத்தின் பெயர்.

வலைப்பதிவர் ஊடகம் என்று பதிவு செய்வதா, பார்வையாளர் என்றா? பதிப்பாளருக்கு முன்னாலேயே மின்னஞ்சல் போடலாமா, தேநீர் இடைவேளையில் பேசினால் போதுமா? விமர்சனப் பிரதியை அங்கேயே கேட்பது முறைதானா? முக்கியமாக, எந்தெந்தப் புத்தகத்தின் உரிமை விற்பனைக்கு என்று மேசையில் வைத்திருக்கும் உரிமைப் பட்டியலைப் படம் எடுத்துப் போடலாமா? இன்னும் ஒப்பந்தம் கையெழுத்தாகாத புத்தகத்தின் பெயர் என்னால் வெளியே போய்விடக் கூடாது.

அப்புறம், திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்குவேன். தனியாக வரும் பெண் இரண்டு இரவு தங்க நல்ல விடுதி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.