கடைக்கு வந்தவர் ஒருவர், கணக்கில் இருவர்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரி ஒருவருக்கு, மாதிரிகளைக் காட்டும் இணையச் செயலி ஒன்றை ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தில் செய்து கொடுத்தேன். எந்தக் கொலுசை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்டதால் பார்வைகளை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸ் 4-ஐச் சேர்த்தேன். இந்த வகைச் செயலியில் கொலுசு மாறினாலும் உலாவி பக்கத்தைப் புதிதாக ஏற்றுவதில்லை. இணைய முகவரி மட்டுமே மாறுகிறது. முதல் பக்கத்தோடு எண்ணிக்கை நின்றுவிடும் என்று நினைத்து, முகவரி மாறும்போதெல்லாம் பக்கப் பார்வை ஒன்றை அனுப்பும்படி நானே யூஸ்எஃபெக்டில் (திரை மாறியபின் ஒரு வேலையை ஓட்டும் ரியாக்ட் வசதி) எழுதினேன்.

என் கணினியில் எல்லாமே இரண்டிரண்டாகப் போயின. பிழையைக் காட்டிக்கொடுக்க, உருவாக்கும் கட்டத்தில் மட்டும் நிரலை இருமுறை ஓட்டிப் பார்க்கும் ரியாக்ட் 18-இன் ஸ்ட்ரிக்ட் மோட் வேலைதான், நேரலையில் இராது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஸ்ட்ரிக்ட் மோட் யூஸ்எஃபெக்டை இருமுறை ஓட்டுவது, திரையின் அந்தப் பகுதி (கூறு) முதன்முதலில் திரையேறும்போது மட்டும்தான். அடுத்தடுத்த கொலுசுகளுக்கும் இரண்டு விழுந்ததை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி கேட்டார்: “இத்தனை பேர் பார்க்கிறார்கள், போன் மட்டும் கூடவில்லையே தம்பி?” கடையிலேயே உட்கார்ந்து, என் கைப்பேசியில் முத்துக் கொலுசை ஒரே ஒரு முறை திறந்தேன். மேசையிலிருந்த நிகழ்நேர அறிக்கையில் இரண்டு ஏறியது. உலாவியின் வரலாறு மாறுவதை வைத்துத் தானாகவே எண்ணும் அமைப்பு அனலிடிக்ஸில் முன்பே இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் நிரலும் சேர்ந்து எண்ணியது.

தானியங்கி எண்ணிக்கையை நிறுத்தினேன். என் நிரலை வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: பக்கத்தின் தலைப்பு மாறுவதற்குள் தானியங்கி முந்திக்கொண்டால், புதிய கொலுசின் கணக்கில் பழைய கொலுசின் பெயர் ஒட்டிக்கொள்ளும். பழைய எண்களைத் திருத்த வழியில்லை. அவரிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, எனக்கு நேர்மாறு. தங்கும் விடுதி ஒன்றின் தளத்துக்கு, வருகையை எண்ண நானே சொந்தமாக எழுதிய நிரல் அது. மே மாத மலர்க் கண்காட்சி நேரத்தில் அறை கேட்டு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன, அறிக்கையிலோ வருகை குறைவு. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சிக்னல் போய்ப் போய் வரும் என்று பழியை மலைமேல் போட்டேன். உண்மையில், பக்கத்தை மூடும் நேரத்தில் எண்ணிக்கையை அனுப்பும்படி எழுதியிருந்தேன். கைப்பேசியில் அந்த நிகழ்வை நம்ப முடியாது; பலர் பக்கத்தை மூடுவதே இல்லை, வேறு செயலிக்குப் போய்விடுகிறார்கள். பக்கம் கண்ணிலிருந்து மறைந்ததும் உலாவி எழுப்பும் விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில், சென்ட்பீக்கன் என்ற உலாவி வசதி வழியாக அனுப்பும்படி மாற்றினேன். பக்கம் போனாலும் உலாவி அதை அனுப்பிவிடும். மறுநாளே எண்கள் அழைப்புகளோடு ஒத்துப்போயின.

அம்மாப்பேட்டையிலிருந்து:

இருவரும் முகவரியையும் ஒரு முறை பாருங்கள். பட்டுச் சேலை விற்கும் எங்கள் செயலியில், தேடல் படிவம் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணை முகவரியிலேயே ஒட்டியது. பக்கப் பார்வையோடு அதுவும் அனலிடிக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூகுளின் விதி அதைத் தடுக்கிறது. நம்மை நம்பி எண் கொடுத்தவர்களுக்கும் அது நியாயமில்லை. இப்போது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

பார்த்துவிட்டேன். எங்கள் விலை விசாரணைப் பக்கத்திலும் எண் இருக்கிறது. இன்றிரவே எடுக்கிறேன்.