கோழிக்கூட்டுக்கு யன்னல் எந்தப் பக்கம்? கொழும்பில் வளர்ப்பவர்களின் அனுபவம்

தெஹிவளையிலிருந்து:

கூடு கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கோழி விடலாம் என்றுதான். யன்னலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நான் மதிலோடு ஒட்டிய சின்ன வளவில் ஊர்க்கோழி வளர்க்கிறேன், கடற்காற்று படும் இடம்.

யூடியூபில் வரும் கூடுகள் பல பனி கொட்டும் நாடுகளுக்குக் கட்டியவை. நாலு பக்கமும் பலகை, கண்ணாடி யன்னல், கூரைக்குக் கீழே மட்டும் ஒரு துவாரம். அதை அப்படியே இங்கே கட்டினால் கோழி அவிந்துவிடும். கோழிக்கு வியர்ப்பதில்லை. உடம்புச் சூடே 41 பாகையளவில் இருக்கும். வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், கொழும்பின் ஈரக்காற்றில் அந்த இளைப்பும் பெரிதாக உதவாது. காற்று அசைந்துகொண்டிருந்தால்தான் தாங்கும். உள்ளே தண்ணீர் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புழுக்கம் கூடுவதுதான் மிச்சம்.

இரவில் காற்றுப் பட்டால் தடிமன் பிடிக்கும் என்று சாக்குப் போட்டு மூடுகிறார்கள். இரவிலும் 22 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் வளர்ந்த கோழிக்கு அந்தப் பயம் தேவையில்லை. குஞ்சுகள் வேறு கதை. நான் பயப்படுவது சாரலுக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் சேர்த்துக் கொண்டுவந்து அடிக்கும். அதனால் தெற்கிலும் மேற்கிலும் இடுப்பளவுக்குப் பலகை, அதற்கு மேலே கம்பிவலை. வலைக்கு வெளியே, மேல் விளிம்பில் பிணைச்சல் போட்டுத் தொங்கும் பலகைத் தட்டி. கீழ் விளிம்பை வெளியே தள்ளித் தடி கொடுத்தால் மழை வழிந்தோடும், காற்று தட்டிக்குக் கீழால் உள்ளே போகும். பின்னேர வெயிலையும் அதே தட்டி மறைத்துவிடுகிறது. கிழக்கும் வடக்கும் முழுக்க வலைதான். காலை வெயில் கிழக்கால் விழுந்து கூட்டின் அடியில் பரப்பிய உமியைக் காயவைக்கும்.

அப்புறம், கூரைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிவர ஒரு சாண் இடைவெளி. சூடான ஈரக்காற்றும் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் மேலே ஏறி அதால் வெளியேறும். கீழால் புதுக்காற்று நுழைய வழி இல்லாவிட்டால் மேலே எவ்வளவு திறந்துவிட்டும் பிரயோசனமில்லை.

காற்றோட்டம் போதுமா என்று பார்க்க, விடிய கூட்டைத் திறந்தவுடன் கோழி அடையும் தடியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் கரித்தால் போதாது. நிமிர்ந்து நின்று முகர்ந்தால் தெரியாது, கோழி அந்த உயரத்தில் மூச்சு விடுவதில்லையே.

வத்தளையிலிருந்து:

அண்ணா சொன்ன அந்த ஒரு சாண் இடைவெளியை வலை போடாமல் விட்டுவிடாதீர்கள். கொழும்பில் இரவில் கூரைமேல் ஓடுவது எலி மட்டுமில்லை, மரநாயும்தான். பகலில் கீரி. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் ஆகும், மரநாய் பிய்த்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்ட் வலை வாங்குங்கள். விலை கூடத்தான்.

வலையை விட முக்கியம் அதை அடிக்கும் விதம். கூடு கட்டிய தச்சு பாஸ் ஓரம் முழுக்க ஸ்டேப்பிள் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்றார். விரலால் தள்ளினேன், மூலை கழன்று வந்தது. வலை ஓரத்தின்மேல் மரச்சட்டம் வைத்து, வலையைப் பிடித்துக்கொண்டு திருகாணி முடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

கோழி அம்மையை நுளம்பு பரப்பும் என்று சிலர் யன்னலுக்கு நுளம்புவலை அடிக்கிறார்கள். பரப்புவது உண்மைதான். ஆனால் அந்தச் சின்னக் கண்ணால் வரும் காற்று குறைவு, கொஞ்ச நாளில் இறகுத் தூசும் அப்பி அடைத்துவிடும். அம்மைக்குத் தடுப்பூசி போடுவது நல்லது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எனக்கு வளவே இல்லை, மேல் சிலாப்பில்தான் கூடு. கொங்கிறீற் பகல் சூட்டை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் கூட்டைக் கால் வைத்து உயர்த்தி, அடிப்பக்கத்தாலும் காற்றுப் போக விட்டிருக்கிறேன். தகரத்துக்கு மேலே கிடுகு, பறக்காமல் கயிறு.

திசை பற்றி ஒன்று. டிசம்பரில் காற்று வடகிழக்காகத் திரும்பும். அப்போது எங்கள் கூட்டு மணம் பின்வீட்டு அன்ரியின் குசினிக்கே போகிறது. பாவம், சண்டைக்கு வரவில்லை, யன்னலை மட்டும் படாரென்று சாத்துவார். அதற்காக நான் வலையை அடைக்கவில்லை. அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கி மணம் இன்னும் கூடும். தண்ணீர்ப் பாத்திரத்தை உமி இல்லாத மூலைக்கு மாற்றி, அடியைக் கிளறிக் காயவிட்டேன். அன்ரி இப்போது யன்னலைத் திறந்துதான் வைக்கிறார்.

அண்ணா, யன்னலைப் பெரிதாக்கி வெளிச்சம் கூடினால் முட்டையும் கூடுமா?

தெஹிவளையிலிருந்து:

இல்லை தங்கச்சி. கொழும்பில் பகல் வருடம் முழுக்கப் 12 மணித்தியாலத்தை ஒட்டித்தான் இருக்கும். பண்ணை முட்டைக்கோழிகளுக்கு 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் கொடுப்பார்கள், மிச்சத்துக்கு மின்குமிழ்தான். ஊர்க்கோழிக்கு நான் அதெல்லாம் போடுவதில்லை. முட்டைப் பெட்டியை மட்டும் யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். வெளிச்சம் நேரே விழும் பெட்டி கோழிக்குப் பிடிக்காது, மூலையில் உமிக்குள் இட்டுவிட்டுப் போய்விடும்.