சங்குக்கு நான்கெழுத்தில் வேறு பெயர்?

வார இதழ் குறுக்கெழுத்தில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இடமிருந்து வலம், நான்கு கட்டம். குறிப்பு: 'சங்கு, பழம்பாடல்களில்'. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

மூன்றாம் எழுத்து 'ல'. மேலிருந்து கீழே 'சோழி' என்ற குறிப்புக்குப் பலகறை என்று போட்டேன், மற்ற எழுத்துகளும் சரியாக உட்கார்ந்துவிட்டன. அதனால் 'ல'வில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி எழுத்து 'ம்' ஆக இருக்கலாம்.

வளை, கோடு இரண்டெழுத்து; நந்து மூன்று. வலம்புரி ரொம்ப ஆசை காட்டியது, ஆனால் அதுவும் சுரிமுகமும் ஐந்து. சிப்பிப் பக்கம் போய் இப்பி, கிளிஞ்சல் எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டுக் கையகராதியிலும் கிடைக்கவில்லை. நிகண்டில் சங்கின் பெயர்கள் வரிசையாக இருக்கும், கைவசம் இல்லை. அம்மாவும் நானும் சேர்ந்து போடும் புதிர் இது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக 'ல' வரும், சங்கைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல் எது?