பட்டறை தெரிகிறது, ஆளைக் காணோம்

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை):
வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை நாயகனாக வைத்துக் குறுநாவல் எழுதி வருகிறேன். வறுமையிலும் நேர்மை தவறாதவர், அதிர்ந்து பேசாதவர். பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்து, வெங்காரம் தடவி ஊதுகுழலால் பற்றவைப்பதிலிருந்து மெருகேற்றுவது வரை எழுதியிருக்கிறேன். ஆனாலும் படித்த நண்பர்கள், "பட்டறை தெரிகிறது, ஆளைத்தான் காணோம்" என்கிறார்கள். எங்கே பிசகினேன்?

பதில் (கொண்டலாம்பட்டி):
ஐயா, உங்கள் நாயகன் வேலை செய்கிறாரே தவிர, எதையும் முடிவு செய்வதாகத் தெரியவில்லை. வெள்ளியை எடை போட்டு வாங்கி, கொலுசாக்கி, எடை போட்டே திருப்பிக் கொடுக்கும் தொழில் இது; உருக்கும்போதும் அராவும்போதும் குறைவதற்குச் சேதாரம் என்று ஓர் அளவை ஒதுக்குவார்கள். அந்த அளவுக்கும் குறைவாகவே சேதாரமாகி இரண்டு கிராம் மிஞ்சும் ஒரு மாலையில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாளே கடைசி நாள் என்றால், அவர் கை எங்கே போகும்? அங்கேதான் ஆள் இருக்கிறார். என் தந்தையார் பாயை உதறி, அரத்தூளைத் தாளில் கூட்டி, ஒரு சிட்டிகைகூட விடாமல் முதலாளியிடம் கொடுப்பவர். அதே மனிதர் ஏற்காட்டுப் பேருந்தில் என் வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் எடுப்பார். அப்போது அவர் முகத்தில் சிறு கூச்சமும் இராது.

பதில் (ஏற்காடு):
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். நல்லவருக்குக் கண்ணேறு கழிக்கப் பொட்டு வைப்பதுபோல ஒரு குறையை ஒட்டிவிட்டால் அதுவும் பொம்மைதான். அரை டிக்கெட் நம்பும்படி இருப்பதற்குக் காரணம், வெள்ளி அடுத்தவர் பொருள், பேருந்து யாருடையதும் அல்ல என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடுவதே. பேச்சையும் கவனியுங்கள். நான் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதியவன். பழம் எடை போடும் இடத்தில், சாக்கின் அடியில் பச்சைக்காய் கிடப்பதை மேஸ்திரி கண்டுவிட்டால், அதைப் பறித்துக் கொண்டுவந்து, அதுவரை வாயாடிய அம்மாள் தன் மகளைத்தான் அதட்டுவார். மேஸ்திரியிடம் ஒரு சொல்லும் பேசமாட்டார். உங்கள் நாயகன் எல்லோரிடமும் ஒரே குரலில் பேசுகிறாரோ என்று சந்தேகப்படுகிறேன்.

கேட்டவர்:
உண்மைதான், முதலாளியிடமும் மனைவியிடமும் ஒரே நடையில்தான் பேசுகிறார். அதைத் திருத்துகிறேன். மிஞ்சிய வெள்ளியை இம்முறை அவர் வைத்துக்கொள்வதாக எழுதினால், முதலாளிக்கு அது தெரியவர வேண்டுமா?

பதில் (கொண்டலாம்பட்டி):
வேண்டாம். மறுநாள் காலையில் முதலாளி அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கட்டும்.