கொழுப்பைக் கரைப்பதும் தசையைக் கூட்டுவதும்: தருமபுரி, கிருஷ்ணகிரி உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

தருமபுரி உறுப்பினர் (உடற்பயிற்சி ஆசிரியர்):

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்குத் தருமபுரியில் பல ஆண்டுகளாக உடற்தகுதிப் பயிற்சி அளித்து வருகிறேன். அந்தத் தேர்வில் ஆண்களுக்கு இயல்பு நிலையில் 81 செ.மீ. மார்பளவும், மூச்சை இழுத்து நிறுத்தும்போது குறைந்தது 5 செ.மீ. விரிவும் வேண்டும், 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்கவும் வேண்டும். ஆகையால் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஓட முடியாத அளவுக்கு வயிறு பெருத்தவர்கள் ஒரு வகை. டேப்பைச் சுற்றினால் மார்பளவு எட்டாத ஒல்லியானவர்கள் மற்றொரு வகை. இரு சாராரும் "சார், நான் என்ன சாப்பிட வேண்டும்?" என்றே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விடைகள் கலோரிக் கணக்கில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. புரதக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே.

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் 172 செ.மீ. உயரம்; தொடக்கத்தில் 84 கிலோ எடை இருந்தார். என்னிடம் வருவதற்கு முன்பே காலையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவில் பழம் என்று இருந்து, காலையும் மாலையும் ஓடி, 8 கிலோ குறைத்து 76 கிலோவுக்கு வந்திருந்தார். ஆனால் முன்பு ஏறிய கயிற்றில் இப்போது பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. தொப்புளுக்கு நேரே டேப் வைத்தால் சுற்றளவு எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. முகம் மட்டும் ஒட்டிப்போயிருந்தது. அவர் இழந்த 8 கிலோவில் கொழுப்போடு நீரும் தசையும் கணிசமாகக் கலந்திருந்தன என்பதை அந்தக் கயிறே காட்டியது. மழை பொய்த்த ஆண்டில் சேமிப்பைச் செலவழித்த குடும்பம் கடைசியில் உழவு மாட்டையும் விற்பதைப் போல, கடுமையான பட்டினியில் உடல் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் உடைத்துச் செலவழிக்கிறது. புரதமும் குறைந்து, தசைக்குப் பளுவும் கொடுக்காவிட்டால், அந்தத் தசையைக் காப்பாற்ற வேண்டிய காரணம் உடலுக்கு இல்லாமல் போகிறது.

அவருக்கு நான் முதலில் செய்தது உணவைக் கூட்டியதுதான். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருக்கிறது. நாள்தோறும் 500 கலோரி குறைவாக உண்டால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும். அவருடைய உயரம், எடை, வயது, ஓட்டம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கச் சுமார் 2600 கலோரி தேவைப்பட்டது. ஆகவே 2100 கலோரியில் நிறுத்தினோம். ஓட்டத்தைப் பாதியாக்கிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் பஸ்கி, தண்டால், புல்லப், டம்பெல் பயிற்சிகளைச் சேர்த்தோம். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் என்ற கணக்கில் நாள்தோறும் 120 கிராம் புரதம் உண்ணச் சொன்னேன். அதன் பிறகு எடை மெதுவாகவே இறங்கியது. அவர் வீட்டார் பயிற்சி பலிக்கவில்லை என்றுகூட வருந்தினார்கள். ஆனால் இடுப்பு டேப் ஒவ்வொரு மாதமும் இறங்கிக்கொண்டே வந்தது. கயிற்றின் உச்சியையும் தொட்டார்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டுகிறது. அதிக எடை கொண்ட 40 இளைஞர்கள் தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரியை உண்டு, நான்கு வாரங்கள் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பற்ற உடல் எடையில் 1.2 கிலோ கூடினார்கள். 1.2 கிராம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள்; ஆனால் அவர்களுடைய கொழுப்பற்ற எடை ஏறக்குறைய அப்படியே நின்றது. இரு குழுவினருக்கும் கலோரியும் பயிற்சியும் ஒன்றே. எடை ஏறுமா இறங்குமா என்பதைக் கலோரி தீர்மானிக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் தசையா கொழுப்பா என்பதைப் புரதமும் பளுவும் தீர்மானிக்கின்றன.

மற்றொருவர் பென்னாகரம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதே உயரம், 53 கிலோ எடை. முதல் நாள் மார்பை அளந்தபோது டேப் முதுகில் தோள்பட்டை எலும்பிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து அளந்ததில் 78 செ.மீ. வந்தது. "நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் சார், உடம்பில் ஒட்டவில்லை" என்றார். ஒரு வாரம் உண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு களி, கீரைக் கடைசல்; மாலை நான்கு மணிக்கு மறுபடியும் ஒரு களி, புளிக்குழம்பு; இரவில் கொஞ்சம் சோறும் மோரும்; இடையில் டீ. கூட்டிப் பார்த்தால் 2300 கலோரிக்கு மேல் போகவில்லை; எடையும் மாதக்கணக்கில் அசையவில்லை என்பதால், அதுதான் அவருடைய சமநிலைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டோம்.

களியைக் குறை சொல்பவன் அல்லன் நான். 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 320 கலோரியும் 7 கிராம் புரதமும் உள்ளன. சுண்ணாம்புச்சத்தில் அரிசியோ கோதுமையோ அதற்கு ஈடாகாது. ஆனால் வயிற்றைச் சீக்கிரம் நிறைத்து, நெடுநேரம் பசியைத் தாங்கும் உணவு அது. எடை குறைக்க வேண்டியவருக்கு அது வரம். எடை கூட்ட வேண்டியவருக்கு அதே குணம் தடையாகிறது. ஆகவே அவருடைய களியைத் தொடாமல், 50 கிராம் வறுத்த நிலக்கடலையையும் இரண்டு முட்டைகளையும் சேர்த்தோம். கடலையில் சுமார் 280 கலோரி, முட்டைகளில் சுமார் 140 கலோரி. இரண்டிலும் சேர்த்து 24 கிராம் புரதம். புளிக்குழம்புக்குப் பதில் கொள்ளுக் கடைசலோ மொச்சைக் குழம்போ வைக்க அவருடைய அம்மா ஒப்புக்கொண்டார். பயிற்சியில் ஒவ்வொரு வாரமும் சிறிதளவு பளுவைக் கூட்டினோம். ஐந்தாறு மாதங்களில் எடை 57 கிலோவானது. மார்பு 82 செ.மீ. வந்தது, வயிற்றுச் சுற்றளவு 1 செ.மீ. மட்டுமே கூடியது. ஏறிய எடையில் பெரும்பகுதி எங்கே சேர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

எடை கூட்டும் மாவு வாங்கலாமா என்று பல பெற்றோர்கள் கேட்கிறார்கள். டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். அவற்றில் பலவும் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையுமே. அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் முழுவதும் முட்டையும் கடலையும் வாங்கலாம்.

காவேரிப்பட்டணம் உறுப்பினர்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு, ஒல்லியாகத் தெரியும் பெண்களின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வயது நாற்பத்தைந்து, 158 செ.மீ. உயரம், 52 கிலோ எடை. எடையைப் பார்த்தவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. இடுப்பை அளந்தபோது 84 செ.மீ. இருந்தது. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே எச்சரிக்கை அளவு என்று மருத்துவர் விளக்கினார். கையும் காலும் குச்சியாக இருக்க, கொழுப்பு வயிற்றில் சேர்ந்திருந்தது.

புணேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையே அருகருகே வைத்து வெளியிட்ட குறிப்பைப் பலரும் அறிந்திருப்பார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 22.3, ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அதைப் படித்த பிறகு, எடையைக் குறைக்க நினைப்பதே என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது என்று புரிந்துகொண்டேன். கலோரியைக் குறைக்காமல் அதே அளவில் வைத்து, உள்ளே வருவதை மாற்றினேன். இரவில் சோறு இருந்த தட்டில் கொள்ளுச் சுண்டலோ தட்டைப்பயறோ, கூடவே தயிரும் வந்தன. காலையில் ஒரு முட்டை சேர்ந்தது. வீட்டு முற்றத்தில் 5 கிலோ அரிசிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் என் உடற்பயிற்சி. பிறகு பையை 10 கிலோவாக்கினேன். "இருக்கிற உடம்பும் போய்விடும்" என்று மாமியார் கவலைப்பட்டார். எடை இன்றைக்கும் 52 கிலோதான். இடுப்பு 79 செ.மீ. ஆகியிருக்கிறது, மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை.

எங்கள் ஊரில் மாம்பழக் காலத்தில் பழத்தை மறுப்பது உறவினர்களை மறுப்பதற்குச் சமம். 300 கிராம் செந்தூரா மாம்பழச் சதையில் 180 கலோரி என்று வைத்து, அன்றைய சோற்றில் அதைக் கழித்துக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் பழத்தைத் தனியாக உண்ணாமல் சுண்டலோடு உண்ணுகிறேன்.

ஓசூர் உறுப்பினர் (ஷிப்ட் பணியாளர்):

சார், வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை. இரவு ஷிப்டில் நான்கு டீயும், டீயோடு பன்னோ பஜ்ஜியோ என்று போய்விடுகிறது. சர்க்கரை போட்ட டீ ஒவ்வொன்றும் எண்பது, நூறு கலோரி என்று கணக்கிட்டபோது, டீ மட்டுமே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நிகராக வந்தது. எடை 79 கிலோ, தொப்பை உண்டு, ஜிம்முக்குப் புதியவன். கொழுப்பைக் குறைப்பதும் தசையைக் கூட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்குமா, அல்லது ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்றைத் தொடங்க வேண்டுமா? சோற்றையும் களியையும் நிறுத்திய முதல் வாரத்திலேயே 2 கிலோ குறைந்தது; அதன் பிறகு அப்படியே நிற்கிறது.

தருமபுரி உறுப்பினர்:

தம்பி, முதல் வாரத்தில் போன 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து உடலில் கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. அதைக் குறைத்தால் நீரும் வெளியேறிவிடும், மறுபடி உண்டால் திரும்பிவிடும். எனவே சோற்றை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. டீயில் சர்க்கரையைப் பாதியாக்கி, பஜ்ஜியை நிறுத்தினாலே ஒரு நாளைக்கு 400 கலோரி குறைந்துவிடும்.

இரண்டும் ஒன்றாக நடக்குமா என்ற கேள்விக்கு, உங்களுக்கு நடக்கும் என்பதே என் விடை. பயிற்சிக்குப் புதியவர்களும், கொழுப்பு மிகுதியாக உள்ளவர்களும், நெடுநாள் விட்டுவிட்டுத் திரும்பியவர்களும் சற்றே குறைந்த கலோரியிலும் தசையைக் கூட்டுகிறார்கள்; தேவையான ஆற்றலின் ஒரு பகுதி அவர்கள் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. ஏற்கெனவே மெலிந்து, பல ஆண்டுகள் பயிற்சி செய்தவர்களே ஒரு பருவம் கூட்டுவதற்கு, ஒரு பருவம் குறைப்பதற்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதியவர்களுக்கு இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்குக் காவேரிப்பட்டணத்துச் சகோதரியின் அனுபவம் நல்ல சான்று. அதை எழுதியதற்கு அவருக்கு என் நன்றி.

இரவு ஷிப்டில் கேன்டீன் உணவுக்கு முன்பே இரண்டு அவித்த முட்டைகளோ ஒரு கிண்ணம் சுண்டலோ உண்டுவிடுங்கள். மூன்றாவது டீயின் தேவையே வராது. எடையை வாரத்தில் பல நாள் காலைக்கடன் முடித்தவுடன் பார்த்துச் சராசரியை எழுதுங்கள்; ஷிப்ட் மாறும் வாரங்களில் உப்பும் தூக்கமும் எடையை ஏற்றி இறக்கும் என்பதால் அந்த வாரங்களின் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இடுப்பை மாதம் இரண்டு முறை அளந்தால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், புரதத்தைக் கூட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.